பரலோகத்தின் வாசற்படி: ஒரு பரோக் மாதா படத்தை எப்படிப் பார்ப்பது?

ரோம் நகரத்தில், நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் புனித அகுஸ்தீனார் ஆலயம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் வரும் முதல் சிற்றாலயத்தில், பீடத்துக்கு மேலே ஓர் எண்ணெய் ஓவியம். உயரம் சுமார் 260 சென்டிமீட்டர், அகலம் 150. காரை பெயர்ந்து செங்கல் தெரியும் ஒரு சுவர். அதையொட்டிக் கல் நிலை வைத்த வாசல். நிலையருகே, கனத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு ஒரு பெண் நிற்கிறாள். வாசற்படிக்குக் கீழே வயதான ஓர் ஆணும் பெண்ணும் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆணின் அழுக்கேறிய உள்ளங்கால்கள் நம் முகத்துக்கு நேரே இருக்கின்றன.

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1604க்கும் 1606க்கும் இடையில் வரைந்த 'லொரேத்தோ மாதா' இதுதான். 'யாத்ரீகர்களின் மாதா' என்றும் சொல்வார்கள். பரோக் என்ற ஐரோப்பியக் கலைப்பாணியின் காலத்துத் தாய்-சேய் படங்களைப் பார்க்கப் பழக நினைப்பவருக்கு இந்த ஒன்றையே முதல் பாடமாகச் சொல்லலாம். ஏனென்றால், மாதா படம் என்றதும் நாம் தேடும் வழக்கமான அடையாளங்கள் எதுவும் இதில் இல்லை. கிரீடம், சிம்மாசனம், மேகம், லீலி மலர், வான தூதர் எதையும் காணோம். தலைக்குப் பின்னால் மயிரிழை போல ஓர் ஒளிவட்டம் மட்டும் உண்டு. அதையும் எடுத்துவிட்டால், பிச்சை கேட்டு வந்தவர்களைப் பார்க்க வீட்டுக்காரப் பெண் வாசலுக்கு வந்து நிற்பதாகவே தோன்றும்.

அப்படியானால் குறியீடு எங்கே இருக்கிறது? வாசலில் இருக்கிறது.

லொரேத்தோ என்பது இத்தாலியின் கிழக்குக் கடற்கரையோரம் உள்ள ஊர். நாசரேத்தில் மரியா வாழ்ந்த வீட்டை வான தூதர்கள் தூக்கிவந்து, 1294இல் அங்கே இறக்கிவைத்தார்கள் என்பது ஐதிகம். எனவே 'லொரேத்தோ மாதா' என்று ஓவியரிடம் சொன்னால், வானத்தில் பறக்கும் வீடு, அதன் கூரைமேல் குழந்தையோடு மரியா, நான்கு பக்கமும் தூதர்கள் என்றுதான் அன்று வரைந்தார்கள். கரவாஜ்ஜோ பறப்பதை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அதிலும் முழு வீடு இல்லை. ஒரு நிலை, ஒரு படி, கொஞ்சம் சுவர்.

இங்கே தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. செபமாலை முடிந்ததும் சொல்லும் மாதா மன்றாட்டுமாலை இந்த லொரேத்தோவின் பெயரால் வழங்குவதுதான். 1587இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். அதில் 'பரலோகத்தினுடைய வாசலே' என்று ஒரு விளி வரும். இந்தப் படத்தின் முன் மண்டியிட்ட ரோமானியர்களும் அதே வரியை லத்தீனில் கேட்டுப் பழகியவர்கள். மரியா வாசலில் நிற்கிறாள் என்பது காட்சி. மரியாவே வாசல் என்பது பொருள். இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பரோக் பக்தி ஓவியத்தில் நல்ல குறியீடு இப்படித்தான் இருக்கும்: தெரியாதவருக்கு வெறும் கதவு நிலை, தெரிந்தவருக்கு மன்றாட்டு.

பரோக் என்றால்

கோணல்மாணலான முத்தைக் குறிக்கும் 'பர்ரோக்கோ' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். பின்னால் வந்தவர்கள் முதலில் இளப்பமாக வைத்த பெயர் அது. கரவாஜ்ஜோவுக்குத் தான் பரோக் ஓவியர் என்பது தெரியாது. காலம் தோராயமாக 1600 முதல் 1750 வரை.

அதற்கு முந்தைய மறுமலர்ச்சிக் காலத்து மாதா படங்களில் மரியா பெரும்பாலும் நடுவில் இருப்பாள். உருவங்கள் முக்கோணமாக அமையும். வெளிச்சம் எல்லா இடத்திலும் சீராகப் பரவும். படத்துக்குள் ஒரு நிறைவான உலகம் இருக்கும்; நாம் வெளியே நின்று பார்ப்போம். பரோக்கில் உருவங்கள் மூலைவிட்டமாகச் சரியும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு விழும். ஏதோ ஒரு நொடி பாதியில் நிறுத்தப்பட்டது போலிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் நம்மை உள்ளே இழுத்து நமக்கும் ஓரிடம் ஒதுக்கும்.

இதற்கு ஒரு காரணம் திருச்சபைக்குள்ளேயே இருந்தது. சீர்திருத்தச் சபையார் (புரொட்டஸ்டண்டுகள்) மரியா வணக்கத்தையும் படங்களையும் கடுமையாக எதிர்த்தார்கள்; 1566இல் நெதர்லாந்தில் கூட்டம் கூட்டமாகக் கோயில்களுக்குள் புகுந்து படங்களையும் சிலைகளையும் உடைத்தார்கள். அதற்கு முன்பே, 1563 டிசம்பரில், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் ஒரு தீர்மானம் போட்டிருந்தது. படங்கள் வேண்டும், அவற்றுக்குச் செலுத்தும் வணக்கம் படத்துக்கல்ல, படத்தில் இருப்பவருக்கே, அவை எளிய மக்களுக்குப் பாடமாக இருக்க வேண்டும், ஆபாசம் கூடாது, வழக்கத்தில் இல்லாத படத்தை ஆயரின் அனுமதி இல்லாமல் கோயிலில் வைக்கக் கூடாது. ஓவியருக்கு ஒரு கையில் சுதந்திரம், மறு கையில் விலங்கு. மக்களை உருக்க வேண்டும், ஆனால் எல்லை தாண்டக் கூடாது. அந்த எல்லை எங்கே என்று தெளிவாக யாருக்கும் தெரியாததால்தான் அந்தக் காலத்தில் இவ்வளவு சச்சரவு.

கீழிருந்து மேலே பாருங்கள்

பழக்கம் காரணமாகக் கண் முதலில் மரியாவின் முகத்துக்குத்தான் போகும். முதல் தடவை அதைத் தவிர்த்துவிட்டு, கீழ் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் அந்தக் கால்கள். பீடத்துக்கு மேல் மாட்டிய படத்தில் அவைதாம் பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு மிக அருகில் வருகின்றன. லொரேத்தோவுக்கு வெறுங்காலில் நடந்துபோவது அன்றைய யாத்ரீகர்களின் வழக்கம். சேறும் புழுதியும் நேர்த்திக்கடனின் சாட்சி. வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களின் பாதங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரவாஜ்ஜோவின் போட்டியாளரும், அவர்மேல் 1603இல் அவதூறு வழக்குப் போட்டவருமான பாலியோனே, சேறு படிந்த கால்களையும் கிழவியின் கிழிந்து அழுக்கான தலைத்துணியையும் குறிப்பிட்டு, பாமர மக்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பெரிய கூச்சல் போட்டார்கள் என்று எழுதிவைத்தார். இதைப் பலர் 'மக்கள் எதிர்த்தார்கள்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். அவர் எழுதிய இத்தாலியச் சொல் கோழிகள் கொக்கரிக்கும் இரைச்சலுக்கும் பொருந்தும். அது எதிர்ப்பா ஆரவாரமா என்பதை அந்தச் சொல்லே சொல்லாது. நடந்தது என்னவோ இதுதான்: படத்தை யாரும் கழற்றவில்லை. நானூறு ஆண்டுகளைத் தாண்டியும் அது அதே பீடத்தில் இருக்கிறது.

அடுத்து வாசற்படி. யாத்ரீகர்கள் கீழே தரையில், மரியா படிமேல். ஒரே ஒரு படி உயரம்தான் வித்தியாசம். விண்ணுக்கும் மண்ணுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட மற்ற ஓவியர்கள் மேகங்களை அடுக்கிய இடத்தில் இவருக்கு ஒரு படி போதுமாக இருந்திருக்கிறது.

மரியாவின் பாதங்களையும் கவனியுங்கள். அவையும் வெறும் பாதங்கள். ஒன்று மற்றொன்றைக் குறுக்கிட, குதிகால் சற்று எழும்பி, நடனமாடுபவளின் நிலை போல இருக்கிறது. அவ்வளவு பெரிய குழந்தையை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு யாராலும் இப்படி நெடுநேரம் நிற்க முடியாது. கனம் எல்லாம் குழந்தையைப் பிடித்திருக்கும் கைகளில் தெரிகிறது, கால்களில் தெரியவில்லை. தரையில் நிற்கிறாளா, இப்போதுதான் வந்து இறங்கினாளா என்ற மயக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்பது எங்கள் எண்ணம். பறக்கும் வீட்டின் மிச்சம் அந்தக் குதிகாலில் இருக்கிறது.

இனிக் குழந்தையைச் சுற்றிய வெள்ளைத்துணி. தாய்-சேய் படங்களில் வெள்ளைத்துணி வந்தால், அது பின்னால் இயேசுவின் உடலைச் சுற்றப்போகும் கல்லறைத் துணியை நினைவூட்டும் என்பது பழைய மரபு. மடியில் கண்ணயர்ந்த குழந்தையும் அப்படியே, சாவின் முன்னறிவிப்பு. இந்தப் படத்தில் துணிதான் மிகப் பிரகாசமான இடங்களில் ஒன்று என்பதால் அந்தப் பொருளுக்கு இடமுண்டு. ஆனால் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் வெள்ளைத்துணி இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கடைசியாக முகங்கள். கீழே இருக்கும் இருவரின் பார்வையும் கூப்பிய கைகளும் மேல்நோக்கிப் போகின்றன. மரியாவின் தலை கீழ்நோக்கிச் சாய்கிறது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைவரை ஒரு சாய்கோடு. அந்தக் கோட்டை நீட்டினால் படச்சட்டத்தைத் தாண்டி, பீடத்தின் முன்னால் மண்டியிட்டிருப்பவரிடம் வந்து சேரும். வரிசையில் மூன்றாவது யாத்ரீகர் அவர்தான்.

அந்த வெளிச்சம் எப்படி வந்தது

ஒளியும் நிழலும் படிப்படியாகக் கலந்து உருவத்துக்குத் திரட்சி கொடுப்பதை இத்தாலியில் 'கியாரோஸ்குரோ' என்பார்கள். அது கரவாஜ்ஜோவுக்கு முன்பே உண்டு. அவர் செய்தது அதன் உச்சம். பின்புலத்தை இருட்டு விழுங்கிவிட, உருவம் மட்டும் வெளிச்சத்தில் பிதுங்கி நிற்கும். இதை 'டெனெப்ரிஸம்' என்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

கரவாஜ்ஜோவின் வழியில் வரைந்தவர்களைப் பற்றி அக்காலத்து மருத்துவர் மன்சீனி எழுதிய குறிப்பில் செய்முறையே இருக்கிறது: உயரத்தில் ஒரே ஒரு சன்னல், எதிரொளி இல்லாமல் இருக்கச் சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம். இந்தப் படத்தின் காலத்தில், 1604இல், கரவாஜ்ஜோ எடுத்த வாடகை வீட்டின் ஒப்பந்தத்தில் மேற்கூரைப் பகுதியைத் திறந்துகொள்ள அனுமதி கேட்டு வாங்கியிருந்தார். அடுத்த ஆண்டு வாடகை பாக்கிக்கும் உடைந்த கூரைக்கும் சேர்த்து வீட்டுக்காரி வழக்குப் போட்டது வேறு கதை.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு குண்டு பல்பை ஆளின் தலைக்கு இரண்டடி மேலே, இடப்பக்கமாக வையுங்கள். பெரும்பாலும் முதல் தடவை சரியாக வராது; நிழல் பக்கம் சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரியும். காரணம், எதிரே உள்ள வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் நிழல் சட்டென்று இறுகும். டியூப் லைட்டில் இது வரவே வராது. நீளமான விளக்கு நிழலின் ஓரத்தைக் கரைத்துவிடும்.

கித்தானில் அவர் வேலை செய்த விதமும் இதற்கேற்றதுதான். முதலில் பழுப்பு நிறத்தில் அடர்ந்த அடிப்பூச்சு. தனித்தாளில் வரைந்த முன்வரைவு எதுவும் அவருடையது என்று உறுதியாகக் கிடைக்கவில்லை; அதற்குப் பதிலாக அடிப்பூச்சின்மேல் தூரிகையின் பின்முனை போன்ற எதனாலோ கீறி, தலை எங்கே, தோள் எங்கே என்று இடம் குறித்திருக்கிறார். பிறகு ஈய வெள்ளை கலந்து வெளிச்சப் பகுதிகளை எழுப்புவார். இடைநிழல் வேண்டிய இடத்தில் அடிப்பூச்சையே பூசாமல் விட்டுவிடுவார். வேலை வேகமாக நடக்கும். இருட்டுக்கும் உருவத்துக்கும் ஒட்டு தெரியாது.

இதில் ஒரு பின்விளைவும் உண்டு. எண்ணெயில் கலந்த வண்ணம் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவித் தெரியும் தன்மை பெறும். மெல்லிய பூச்சின் வழியே அடியிலுள்ள பழுப்பு மேலே வரும். மேலே பூசிய வார்னிஷும் மஞ்சளாகும். எனவே இன்று நாம் பார்க்கும் கருமை முழுவதும் ஓவியர் வைத்ததல்ல. இணையத்தில் கிடைக்கும் படங்களோ நேர்மாறு. நிழலைத் துலக்கி, சிவப்பைக் கூட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று படங்களை ஒப்பிடாமல் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

நிறமும் சின்னங்களும்

மரியாவுக்குச் சிவப்பு அங்கி, அதன்மேல் நீலப் போர்வை என்பது மரபு. சிவப்பு மனிதத்தன்மைக்கு, நீலம் விண்ணுக்கு என்று விளக்கம் சொல்வார்கள். நீலத்துக்கு விலையும் ஒரு காரணம். அசல் நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் பகுதியில் வெட்டியெடுக்கும் லாபிஸ் லசுலிக் கல்லிலிருந்து வந்தது. கல்லைப் பொடித்து, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, காரநீரில் கசக்கினால் முதல் பிழிவில் ஆழ்ந்த நீலமும் கடைசிப் பிழிவில் சாம்பல் கலந்த நீலமும் கிடைக்கும். விலையுயர்ந்ததை மாதாவுக்கு உடுத்துவதே ஒரு காணிக்கை. சஸ்ஸோஃபெராத்தோ (1609–1685) வரைந்த மாதா படங்களில் இந்த நீலம் கண்ணைப் பறிக்கும். கரவாஜ்ஜோவோ சிந்தூரச் சிவப்பையும் நீலத்தையும் 'வண்ணங்களின் நஞ்சு' என்று சொல்லி அடக்கியே வைத்தார் என்று 17ஆம் நூற்றாண்டில் அவர் வாழ்க்கையை எழுதிய பெல்லோரி சொல்கிறார். லொரேத்தோ மாதாவின் ஆடை அதற்குச் சாட்சி: சிவப்பு அடங்கி, நீலம் கிட்டத்தட்ட இருட்டோடு இருட்டாகிவிட்டது.

மற்றச் சின்னங்கள் எளிமையானவை. ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். ஆப்பிள் ஏவாளின் பாவத்தை நினைவூட்டும். அதைக் குழந்தை கையில் வைத்திருந்தால் மீட்பு. திராட்சை, நற்கருணை. குழந்தையின் கழுத்தில் பவழமாலை, கண்ணேறு படாமல் காக்க. காலடியில் பிறையும் தலையைச் சுற்றிப் பன்னிரண்டு விண்மீன்களும் இருந்தால், திருவெளிப்பாடு 12ஆம் அதிகாரத்துப் பெண். அந்தப் படம் பெரும்பாலும் அமலோற்பவ மாதா, அதாவது பாவ மாசின்றிக் கருவில் உருவான மரியா.

சிக்கல் இந்தப் பட்டியலை அகராதியாக்கிக்கொள்வதில்தான். முகத்தில் சிவப்புத் தீற்றல் உள்ள ஒரு சிறு குருவி பழைய மாதா படங்களில் அடிக்கடி வரும். முள்முடியிலிருந்து முள்ளைப் பிடுங்கியபோது இரத்தம் பட்டது என்பது கதை. எனவே இயேசுவின் பாடுகளின் சின்னம். சரி. ஆனால் செவில்லாவின் முரீல்லோ 1650 வாக்கில் வரைந்த திருக்குடும்பப் படத்தில், குழந்தை ஒரு குருவியைக் கையில் பிடித்து உயர்த்தி நாய்க்குட்டிக்கு விளையாட்டுக் காட்டுகிறது. இதையும் சிலுவை என்று படிக்கலாம். ஆனால் தச்சுப்பட்டறையும் நூல் சுற்றும் தாயும் அப்பாவின் மடியோரம் குழந்தையும் இருக்கும் அந்த வீட்டில், அது முதலில் குருவிதான். படத்தில் வேறு ஏதாவது அதே பொருளுக்குக் கைகொடுக்கிறதா என்று பார்த்த பிறகே குறியீடு என்று சொல்ல வேண்டும்.

குறியீடு உண்மையிலேயே கனக்கும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க, கரவாஜ்ஜோவே 1605–06இல் வரைந்த இன்னொரு படம் உதவும். திருத்தந்தையின் குதிரைக்காரர்களுடைய சபைக்காக, புனித பேதுரு பேராலயப் பீடம் ஒன்றுக்கு வரைந்தது. மரியா தன் பாதத்தால் பாம்பின் தலையை மிதிக்கிறாள். குழந்தை இயேசு தன் பாதத்தை அவள் பாதத்தின்மேல் வைத்து அழுத்துகிறான். பாட்டி அன்னம்மாள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் பாதத்தின்மேல் பாதம்? எல்லாம் ஒரு பிரதிப்பெயரால் வந்தது. ஆதியாகமம் 3:15இல் பாம்பின் தலையை நசுக்குவது யார்? கத்தோலிக்கர் கையாண்ட லத்தீன் விவிலியத்தில் 'அவள்'. சீர்திருத்தச் சபையார் எபிரேய மூலத்தைக் காட்டி அது 'அவள்' அல்ல என்றார்கள். தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 'அவர் உன் தலையை நசுக்குவார்' என்று இருப்பது அந்த வழியில் வந்ததே. இரண்டு பாதமும் சேர்ந்தே மிதிக்கின்றன என்பது கத்தோலிக்கத் தரப்பின் பதில். இரண்டு பாதங்களால் ஒரு வாதத்தையே வரைந்துவிட்டார்.

ஆனாலும் அந்தப் படம் பேராலயத்தில் சில நாட்களுக்கு மேல் தங்கவில்லை. மரியாவை இழிவாகவும் குழந்தையை அம்மணமாகவும் காட்டியதால் அகற்றினார்கள் என்கிறார் பெல்லோரி. கர்தினால் சிபியோனே போர்கேஸே அதை வாங்கிக்கொண்டார். இன்றும் போர்கேஸே காட்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. இறையியல் சரியாக இருந்தும் தோற்றத்தில் சறுக்கியது. அழுக்குக் கால்கள் தங்கின. அம்மணக் குழந்தை தங்கவில்லை.

அதே ஊர், அதே ஆண்டுகள், வேறு வழி

பரோக் என்றாலே இருட்டு என்று நினைத்துவிடாமல் இருக்க, அகுஸ்தீனார் ஆலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள 'கியேஸா நுவோவா' ஆலயத்துக்கும் போக வேண்டும். அங்கே பெரிய பீடத்துக்கு 1606இல் ஓவியர் ரூபன்ஸை அமர்த்தினார்கள். அற்புதம் செய்ததாகப் போற்றப்பட்ட பழைய தாய்-சேய் சுவரோவியம் ஒன்றைப் பீடத்தில் பதித்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரூபன்ஸ் கித்தானில் வரைந்து முடித்து மாட்டிப் பார்த்தபோது, சன்னல் வெளிச்சம் எண்ணெய்ப் பூச்சில் பட்டுப் பளபளத்து எதுவும் தெரியவில்லை. பரோக் பீடப்படங்களில் அடிக்கடி நேரும் இடர் இது. பட்டறையில் அழகாகத் தெரிவது கோயிலில் கண்ணாடியாகிவிடும். வண்ணத்தை உறிஞ்சிப் பளபளப்பைக் குறைக்கும் கற்பலகையில் முழுவதையும் 1608இல் மறுபடி வரைந்தார். முதல் படத்தைத் தன் ஊரான ஆன்ட்வெர்ப்புக்குக் கொண்டுபோய்த் தன் தாயின் கல்லறைமேல் மாட்டினார். இன்று அது பிரான்ஸின் கிரெனோபிள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கற்பலகைப் படத்தின் நடுவில் தாயும் சேயும் உள்ள ஒரு செப்புத்தகடு இருக்கிறது. சுற்றிலும் வான தூதர்கள் மொய்த்துத் தாங்குகிறார்கள். அந்தத் தகட்டை நகர்த்தினால் பின்னாலிருக்கும் பழைய சுவரோவியம் தெரியும். கரவாஜ்ஜோ வாசலை வரைந்தார். ரூபன்ஸ் திறந்து மூடும் வாசலையே செய்துவைத்தார்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. லொரேத்தோ மாதாவைச் சிற்றாலயத்தின் கம்பித்தடுப்புக்கு வெளியே நின்றே பார்க்க முடியும். நின்று பார்த்த பிறகு, அதே இடத்தில் மண்டியிட்டும் ஒரு தடவை பாருங்கள். வாசற்படி உயரும், அழுக்குக் கால்கள் கிட்டே வரும், மரியாவின் தாழ்ந்த பார்வை அந்த இருவரையும் தாண்டி இறங்கும். லொரேத்தோவில் அந்தத் திருவீட்டைச் சுற்றிப் பளிங்குப் படிகள் உண்டு. முழங்காலிலேயே வலம்வந்த யாத்ரீகர்களால் அவற்றில் இரண்டு வரிப் பள்ளம் விழுந்திருக்கிறது.